நீர் மாத்திரை

ஆவடியிலிருந்து வேன் பிடித்து வேளாங்கண்ணிக்குப் போனோம். கால் வீக்கத்துக்கு டாக்டர் கொடுத்திருந்த நீர் மாத்திரையை அம்மா கிளம்புவதற்கு முதல் நாளே நிறுத்திவிட்டாள். அதைப் போட்டால் அடிக்கடி ஒதுங்க வேண்டும். வழியில் பெண்களுக்கு ஏது இடம்? ஆண்கள் மட்டும் நினைத்த இடத்தில் வேனை நிறுத்தி, புளியமரத்தடியில் ஒதுங்கிவிட்டு வந்தார்கள்.

மாதா கோயிலில் இறங்கியபோது அம்மாவுக்கு மூச்சு இரைத்தது. செருப்புக்குள் கால் நுழையவில்லை. மாத்திரையை விட்டதற்காக அங்கே முதலுதவி முகாமில் இருந்த டாக்டர் அவளைத்தான் திட்டினார்.

"இன்னாம்மா நீ, வாயத் தொறந்து சொல்லிருந்தா வண்டிய நிறுத்திருக்க மாட்டேனா?" என்று அண்ணனும் கத்தினான்.

திரும்பும் நாளில் அவனே மாத்திரையைக் கொடுத்து விழுங்க வைத்தான். பெரிய அக்கறை!

ஆவடிக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கும்போது, திண்டிவனத்தில் அம்மா வேனை நிறுத்தச் சொன்னாள்.

"தோ, ஊடு வந்துடும். அடக்கிக்கோம்மா" என்றான்.