தையல்நாயகி அக்கா உருக்கிய ஈயம்

தையல்நாயகி அக்கா காரைக்கால் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்ட செய்தி வந்தபோது நாங்கள் கரையில் உட்கார்ந்து வலையிலிருந்து இறால் கழற்றிக்கொண்டிருந்தோம். போனை எடுத்த நான்தான் எல்லோருக்கும் சொன்னேன். மீதி இறாலையும் கழற்றிவிட்டுத்தான் எழுந்தோம். இதை மறைத்து அஞ்சலி எழுதினால் அது பொய்.

அக்காவை அறிந்தவர்களுக்கு அவர் வாயும் தெரியும். மீன்கூடையோடு சுரக்குடி வரை போவார். யாராவது முள் அதிகம் என்று குறை சொன்னால், "அப்ப பருப்பு வாங்கிக்கங்க, அதுல முள்ளு கெடையாது" என்பார். அப்படிப்பட்டவரை நாங்கள் ஈயம் உருக்கும் அடுப்பின் முன்னால் உட்கார வைத்தோம்.

எங்கோ போர் மூண்டு, வலையின் அடிக்கயிற்றில் கோக்கிற ஈயம் கடைகளில் கிடைக்காமல் போனது. "எல்லாம் தோட்டாவுக்குப் போவுதாம். எங்கிட்ட சண்ட போட்டு என்ன பண்றது?" என்றார் வலைக்கடைக்காரர். இரும்பு நட்டைக் கட்டிப் பார்த்தோம், துருப்பிடித்து வலையை அறுத்தது. சிமெண்டு உருண்டை இழுக்கும்போதே உடைந்தது. எடையில்லாத வலை மிதக்கும், இறால் சிக்காது. சீசனை விட்டால் அந்த வருஷம் போச்சு.

"பழைய பேட்டரிக்குள்ள ஈயம் இருக்குல்ல, கொண்டாங்க" என்று அக்காதான் முன்வந்தார். "வல அடியில உக்காரலன்னா எறா சிரிச்சிட்டுப் போயிரும் தம்பி." திருமலைராயன்பட்டினத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து பேட்டரிகளைப் பைக்கில் கட்டிக் கொண்டுவந்து போட்டேன். அவர் தன் வீட்டுக் கொல்லையில் வைத்து ஈயத்தை உருக்கி, வலைக்குண்டுகளாக வார்த்தார். கடற்காற்றில் தீ நிற்கவில்லை. அதனால் நாங்கள் நாலு பேர் சேர்ந்து அடுப்பைச் சுற்றித் தார்ப்பாய் கட்டிக் கொடுத்தோம். தீ நின்றது, புகையும் உள்ளேயே நின்றது. அவர் இருமினால் மோர் குடித்தால் சரியாகிவிடும் என்றோம். என் மனைவி தினமும் ஒரு சொம்பு மோர் கொடுத்தனுப்பினாள். இதைவிட மடத்தனம் உண்டா?

ஈயம் கிடைத்த படகெல்லாம் கடலுக்குப் போயின. ஊர்க்கூட்டத்தில் அக்காவுக்குச் சால்வை போர்த்திக் கைதட்டினோம்.

பிறகு வயிற்றுவலி வந்தது. மீன் அரியும் கை நடுங்கியது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன். என்ன வேலை செய்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். "மீன் யாவாரங்கய்யா" என்றார் அக்கா, அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற நானும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் அவர் என்னைப் பார்த்து, "பேட்டரி ஈயம்னு சொன்னா நிறுத்தச் சொல்லிருவாங்க தம்பி. இன்னும் ஆறு படகுக்குக் குடுக்கணும்" என்றார். அந்த ஆறில் ஒன்று என்னுடையது. நான் தலையாட்டினேன்.

இரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது என்று டாக்டர்கள் கண்டுபிடித்தபோது காலம் கடந்துவிட்டது. "மொதல்லயே ஏன் சொல்லல?" என்று ஒரு நர்ஸ் என்னைத்தான் கேட்டார்.

எட்டாம் நாள் துக்கம் கேட்கப் போனவர்களில் நானும் ஒருவன். அக்காவின் மகள் செல்வி எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். கொஞ்ச நேரம் அக்காவின் அருமை பெருமைகளைப் பேசினோம். பிறகு ஒரு குரல், "ஏம்மா, அம்மா செஞ்ச ஈய வேல ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டது.

செல்வி, "தெரியும்ணே. அதனாலதான் செய்யமாட்டேன்" என்றாள்.

அக்காவின் நினைவாக என்ன வைத்திருக்கிறாய் என்று யாராவது கேட்டால் சொல்ல எனக்கு ஒன்றுதான் உண்டு. அன்று அவர் மகளிடம் அப்படிக் கேட்டது என் குரல்.