முனியப்பனுக்கு நேர்ந்த தண்டவாளம்

"...எல்லாக் கட்டையும் ஒரே எட்டுல வெச்சுப்போட்டீங்கன்னா அது எங்க லைன் இல்லீங்க, ஏணி. முனியப்பன் என்ன பரண் மேலயா ஏறப்போறாரு?" என்றார் கீமேன்.

நான் செய்து நிழலில் வைத்திருந்த ஈர மண் தண்டவாளத்தின் முன்னால் அவர் குந்தியிருந்தார். எனக்குக் கோபம் வரவில்லை, குழப்பம்தான் வந்தது. தினமும் தாண்டிப் போகிற ரயில் பாதை. கட்டைகள் சமமாகத்தான் கிடக்கின்றன என்று அடித்துச் சொல்லியிருப்பேன்.

எங்களுக்குச் சட்டி பானையும் உருவாரமும்தான் பிழைப்பு. உருவாரம் என்பது வேண்டுதலுக்குச் செய்கிற மண் பொம்மை. மாடு பிழைத்தவர் மாடு வைப்பார், பிள்ளை பெற்றவர் பிள்ளை வைப்பார், கை கால் சுகமானவர் கை கால் வைப்பார். நாய் கேட்டவர்கூட உண்டு. ரயில் பாதை கேட்டவர் இவர் ஒருவர்தான்.

சேலத்திலிருந்து ஆத்தூருக்கு மீட்டர் கேஜ் லைன் போட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. தன் பங்குத் தூரத்தைத் தினமும் நடந்து, போல்ட்டும் ஆணியும் தளர்ந்திருந்தால் இறுக்குவது கீமேன் வேலை. இவர் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். பெண்சாதியோடு எங்கள் ஊரில் ரயில்வே கொடுத்த லைன் வீட்டில் குடியிருந்தார். ஒருநாள், தண்டவாளமும் தண்டவாளமும் சேர்கிற ஜாயிண்டில் போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தபோது, ஜல்லி இறங்கிப்போன பள்ளத்தில், இரண்டு சிலீப்பர் கட்டைகளுக்கு நடுவே கால் மாட்டிக்கொண்டது. வளைவில் ரயில் வந்துவிட்டது. "முனியப்பா, காலை உட்ரு, இந்த எடத்தை அப்படியே மண்ணுல செஞ்சு உன்ற வாசல்ல வெக்கறேன்" என்று கத்தினாராம். கால் வந்துவிட்டது. செருப்பு உள்ளேயே நின்றுவிட்டது.

காயம் ஆறியது. ஆனால் அந்த ஜாயிண்டுக்கு இருபது தப்படி முன்னாலேயே கால் நின்றுவிடும். அந்த இடத்தை மட்டும் கேங் மேஸ்திரி பார்த்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் டிராலியில் வருகிறார். அவர் முன்னால் கீமேன் முழுத் தூரமும் நடந்து காட்ட வேண்டும். நடக்காவிட்டால் வேலையும் போகும், லைன் வீடும் போகும். நேர்ந்ததைச் செலுத்திவிட்டால் பயம் போய்விடும் என்று அவர் நம்பினார். ஆகவே புதன்கிழமைக்குள் உருவாரம் கோயிலுக்குப் போக வேண்டும். அவர் சொன்ன அந்த 'அப்படியே'தான் என்னைப் படுத்தியது.

என்னை லைனுக்கு அழைத்துப் போனார். ஜாயிண்டுக்கு இருபது தப்படி இருக்கும்போதே ஒரு வேலமரத்தடியில் நின்றுகொண்டு, தன் சுத்தியலை என்னிடம் கொடுத்து, காம்பால் அளக்கச் சொன்னார். நடுவில் கட்டைக்கும் கட்டைக்கும் இடையே காம்பு முழுசாகப் படுத்தது. ஜாயிண்டை நெருங்க நெருங்க இடைவெளி குறைந்தது. ஜாயிண்டுக்கு இரண்டு பக்கமும் இருந்த கட்டைகளுக்கு நடுவே ஒரு சாண்கூட இல்லை.

"இது ஏங்க அண்ணா இப்படி?"

"சக்கரம் அங்க டொக்குனு எறங்குதில்லீங்க? தாங்கறதுக்கு ரெண்டு பேரும் ஒட்டி ஒக்காரோணும்" என்றார் மரத்தடியிலிருந்து.

அகலமும் அப்படித்தான். சட்டப்படி எட்டு அங்குலம் என்று அவர் சொன்னார். கட்டைகளுக்கு அந்தச் சட்டம் தெரியவில்லை. ஒன்று கொஞ்சம் பருத்திருந்தது, ஒன்று ஒடுங்கியிருந்தது, ஒன்று வெடித்திருந்தது.

"வெடிப்பையும் செய்யணுமா?"

"அப்படியேன்னு சொல்லிப்போட்டனுங்களே."

அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு வைத்து, ஜாயிண்டுக்கு இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து கட்டைகளை ஒரே மண் பலகை மேல் செய்தேன். தண்டவாளத்தைக் கட்டையோடு ஒட்டிச் சுட்டதில் மூன்று துண்டானது. மறுபடி கட்டையில் பள்ளம் எடுத்து, தண்டவாளத்தைத் தனியாகச் சுட்டேன். இந்தத் தடவை கீமேனின் பெண்சாதி, ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு இடைவெளிக்கும் துடைப்பக் குச்சியை நறுக்கி அளவு எடுத்து வைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை சூளையைப் பிரித்தோம். உடையவில்லை. அந்த அம்மாள் குச்சிகளை வைத்துப் பார்த்தார். ஒன்றும் உள்ளே போகவில்லை.

"ஏனுங்க, உங்க லைனு சூளைக்குள்ள போயி இளைச்சுப்போச்சுங்க" என்றார் புருஷனிடம்.

வெந்தால் மண் சுருங்கும் என்றேன். கட்டையும் சுருங்கியது, சந்தும் சுருங்கியது, ஒன்றுக்கொன்று உள்ள கணக்கு மாறவில்லை என்றேன். கீமேன் கேட்டுவிட்டு, "எல்லாஞ் சுருங்குச்சு, செரி. என்ற காலு சுருங்குச்சுங்களா?" என்றார்.

நான் பேசும்போது என் பேச்சு சரியாக இருந்தது; அவர் பேசும்போது அவர் பேச்சு சரியாக இருந்தது.

"உங்க அங்குலக் கணக்குலயே பாத்தாலும் இந்தச் சந்துல என்ற காலு எப்படி மாட்டுமுங்க?"

"மாட்டாத எடமா இருந்தா நல்லதுதானுங்களே" என்றார் பெண்சாதி.

"நீ சும்மா இரு. வாங்க, அங்கயே வெச்சுப் பாத்துப்போடலாம்."

உருவாரத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, குச்சிகளை வாயில் கவ்விக்கொண்டு முன்னால் நடந்தார். பல்லிடுக்கில் என்னைத் திட்டிக்கொண்டே போனார். மத்தியானம்வரை ரயில் இல்லை. மேஸ்திரி அந்த ஜாயிண்டுக்குப் பக்கத்தில் ஜல்லி வாரிக்கொண்டிருந்தார். வேலமரம் வந்தது, போனது. நான் அந்த அம்மாளைப் பார்த்தேன். அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

ஜாயிண்டுக்கு அருகில் உருவாரத்தை இறக்கினார். சந்திலிருந்த ஜல்லியைக் கையால் அள்ளி வெளியே போட்டார். காலை உள்ளே விட்டார்.

"இப்பப் பாருங்க. பாதத்துக்கு அக்கட்ட ஒரு வெரலு, இக்கட்ட ஒரு வெரலு. உங்களுதுல அது எங்க?"

நாங்கள் மூன்று பேரும் உருவாரத்தைப் பார்க்கவில்லை, அவர் காலைப் பார்த்தோம். சொல்லிவிடலாமா, சொன்னால் கால் அங்கேயே நின்றுவிடுமா என்று எனக்குப் புரியவில்லை. நேர்ந்ததை இன்னும் செலுத்தவில்லை. பயம் மட்டும் எங்கே போனது? இதைக் கோயிலில் வைப்பதா, இன்னொன்று செய்வதா, அதுவும் விளங்கவில்லை. மேஸ்திரி ஜல்லி வாருவதை விட்டுவிட்டு, சுத்தியலும் கையுமாகக் கிட்டத்தில் வந்து நின்றார்.

"என்னுங்க, பேச்சையே காணோம்?" என்று நிமிர்ந்தார் கீமேன். எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார்.

மெதுவாகக் காலை உருவி எடுத்தார். அள்ளிப்போட்ட ஜல்லியைத் திரும்பச் சந்தில் நிரப்பி மிதித்தார். மேஸ்திரியிடம் கையை நீட்டிச் சுத்தியலை வாங்கி, அந்த ஜாயிண்டின் நான்கு போல்ட்டையும் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டுவிட்டு, அடுத்த ஜாயிண்டைப் பார்த்து நடந்தார்.