ரத்த வங்கிப் பெரியக்காவும் ஏழு பாஸ்வேர்டும்

ரத்த வங்கியில் எல்லாருக்கும் அவர் பெரியக்கா. அவரைவிட நாலு வயது மூத்த வாட்ச்மேனும் வாய் நிறைய அப்படித்தான் கூப்பிடுவார். முப்பத்துநாலு வருடத்துக்கு முன்னால் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவர். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது பாதிப் பேர் ஷாக் அடிக்கும் என்பதுபோல் தள்ளி நின்றார்கள். பெரியக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்று உட்கார்ந்தவர்தான்.

அந்த மேஜையில் என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். தினமும் காலை எட்டரைக்குள் ஏழு வெப்சைட்டுக்குள் நுழைய வேண்டும். எந்த வகை ரத்தம் எத்தனை பை இருக்கிறது என்று ஒன்றில் ஏற்ற வேண்டும். பரிசோதனை முடிவுகள் ஒன்றில், குளிர்பெட்டியின் வெப்பநிலை ஒன்றில் என்று இப்படியே ஏழு. சுற்றுவட்டாரத்து ஆஸ்பத்திரிகள் அந்த இருப்புக் கணக்கைப் பார்த்துத்தான் ஆபரேஷன் நாளைக் குறிக்கும். ஏழுக்கும் ஏழு பாஸ்வேர்ட். ஏழும் பெரியக்காவின் தலைக்குள் இருந்தன. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுவார். மாற்றியதும் மனதில் ஏறிவிடும்.

யாருக்கு வேண்டுமானாலும் அவரிடம்தான் கேட்க வேண்டும். பஸ்ஸில் போகும்போது போன் வரும். காய்கறிக் கடையில் நிற்கும்போது வரும். ஒருமுறை பல் டாக்டரின் நாற்காலியில், வாய் நிறையப் பஞ்சோடு இருந்தபோது வந்தது. பெரியக்கா பக்கத்திலிருந்த சீட்டை இழுத்து எழுதிக் காட்ட, நர்ஸ் அதைப் போனில் படித்தாள். படித்து முடித்ததும் சீட்டைப் பிடுங்கிச் சுக்குநூறாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டுதான் பல்லைப் பிடுங்கக் கொடுத்தார்.

அத்தனை எச்சரிக்கை. கம்ப்யூட்டர் அவ்வப்போது, "இந்தப் பாஸ்வேர்டை நான் வைத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்கும் அல்லவா? பெரியக்காவுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. திரையின் விளிம்பில் பதினைந்து வருடமாக ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. முத்து முத்தான கையெழுத்தில்: "கம்ப்யூட்டர் எது கேட்டாலும் 'ஒருபோதும் வேண்டாம்' என்பதை அமுக்கவும்." எல்லா ஷிஃப்ட்டும் அதற்குக் கட்டுப்பட்டது.

ஏழு மாதத்துக்கு முன்னால், ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து பிரஷ் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சரிந்தார். மூளைக்குப் போகும் குழாயில் சின்ன ரத்தக் கட்டி. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற வீட்டுக்காரர், வாழ்நாளில் முதல் தடவையாகச் சிக்னலை மதிக்காமல் காரை ஓட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நேரத்தோடு போனதால் உயிர் தங்கியது, கை கால் தங்கியது. பேச்சுதான் குழறிப்போனது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் தினமும் வருவாள். படம் போட்ட நாலு அட்டைகளைக் காட்டி, இது என்ன, இது என்ன என்று கேட்பாள். பதினோரு நாள் பெரியக்காவுக்கு ஒன்றும் வரவில்லை. தெரியும், வாய்க்கு வராது. பன்னிரண்டாம் நாள் நாலும் வரிசையாக வந்தன. வீட்டுக்காரர் வராந்தாவுக்குப் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார்.

பேச்சு திரும்பியது. முகங்கள் திரும்பின. யார் யாருக்கு எந்த வகை ரத்தம் என்பதுகூடத் திரும்பியது. ஏழு பாஸ்வேர்ட் மட்டும் திரும்பவில்லை.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், லேப் டெக்னீஷியன் வழக்கம்போல் கதவில் சாய்ந்து கேட்டார். பதினாறு வருடமாகக் கேட்கிறவர்.

"அக்கா, குளிர்பெட்டி பாஸ்வேர்ட் என்ன?"

பெரியக்கா வாயைத் திறந்தார். ஒன்றும் இல்லை. துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

"எனக்குத் தெரியாது" என்றார்.

முப்பத்துநாலு வருடத்தில் அந்த அறையில் யாரும் அவர் வாயிலிருந்து அதைக் கேட்டதில்லை. டெக்னீஷியன் பதறிப்போய், "பரவால்லக்கா, பரவால்லக்கா" என்று ஏழெட்டு தடவை சொன்னார். அவர் சொல்லச் சொல்லப் பெரியக்காவுக்குத்தான் தாங்கவில்லை. ஸ்டோர் ரூமுக்குப் போய் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

பிறகு, அவர் இல்லாதபோது கணக்கை ஏற்றிவந்த தலைமை அலுவலகத்தில் சொல்லி, ஏழையும் புதிதாக மாற்றி ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கினார். அதைப் பார்த்து அடித்தாலும் எழுத்து இடம் மாறியது. பக்கவாதம் விட்டுப்போன மிச்சம் அது: சொல் முழுதாகத் தெரியும், அர்த்தமில்லாத எழுத்து வரிசை மட்டும் கண்ணுக்கும் கைக்கும் நடுவில் எங்கோ குழம்பிவிடும். ஒரு நாள் மூன்று தடவை தப்பாக அடித்ததில் இருப்புக் கணக்கு வெப்சைட் பூட்டிக்கொண்டது. திறக்கப் பத்தரை ஆகிவிட்டது. அதற்குள் இரண்டு ஆஸ்பத்திரிகள் ரத்தம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் ஊரெல்லாம் போன் போட்டிருந்தன.

பொறுப்பு டாக்டரம்மா பெரியக்காவை உட்கார வைத்துப் பேசினார். "அக்கா, எனக்கு மனசே இல்ல. ஆனா இது நம்ம ரெண்டு பேரோட முடியற விஷயம் இல்லையே. கம்ப்யூட்டர் செக்ஷன்ல பாஸ்வேர்ட் மேனேஜர்னு ஒண்ணு போட்டுத் தர்றாங்க. அதுவே எல்லாத்தையும் நிரப்பிக்கும். வெள்ளிக்கிழமை காலைல நான் வந்து பக்கத்துல நிக்கறேன். எட்டரைக்குள்ள ஏழையும் முடிச்சுட்டீங்கன்னா இந்த நாற்காலி உங்களோடது. இல்லன்னா ஃபைல் ரூம்தான்."

ஃபைல் ரூமில் ஜன்னல் கிடையாது. வேலையும் கிடையாது என்பதுதான் உண்மை. ஆளை வீட்டுக்கு அனுப்ப மனம் வராதவர்கள் அனுப்பும் இடம் அது.

திங்கட்கிழமை செக்ஷன்காரர் வந்து பத்தே நிமிடத்தில் அதை ஏற்றினார். மேலே மூலையில் குட்டியாக ஒரு பூட்டுப் படம் வந்தது. "ஒரே ஒரு மாஸ்டர் பாஸ்வேர்ட் மட்டும் ஞாபகம் வச்சுக்குங்கக்கா, மத்ததெல்லாம் தானா வந்துடும்" என்று சொல்லிவிட்டு வேறு கிளைக்குப் பறந்துவிட்டார். தானாக வரும் என்று யார் சொன்னாலும் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும் என்பது என் அனுபவம்.

மாஸ்டர் பாஸ்வேர்டுக்குப் பெரியக்கா அதிகம் யோசிக்கவில்லை. எழுத்து வரிசைதான் குழம்பும், சொல் குழம்பாது. அந்த நாலு அட்டையில் இருந்த நாலு சொல்லையும் அவருக்கு மட்டும் தெரிந்த வரிசையில் சேர்த்து வைத்தார். என்ன சொற்கள் என்று நான் கேட்கவில்லை; கேட்டிருந்தால் பல் டாக்டரிடம் கிழித்த சீட்டின் கதிதான் எனக்கும்.

அடுத்தது கசப்பான வேலை. சீட்டைப் பார்த்து அடித்தால் மறுபடி பூட்டிக்கொள்ளும் என்பதால், ஏழு வெப்சைட்டிலும் "பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா?" என்பதை அமுக்கிப் புதிது வாங்க வேண்டும். வாழ்க்கையில் அவர் அமுக்காத பட்டன். முதல் தடவை விரல் அந்தரத்தில் நின்றது. பிறகு, ஆமாம், மறந்துதான் விட்டது என்று அமுக்கினார். பூட்டுப் படம் ஒவ்வொன்றுக்கும் இருபது எழுத்தில் ஒரு பாஸ்வேர்டைத் தானே கோத்துக் கொடுத்தது. ஏழும் முடிந்து சேமித்தாயிற்று.

செவ்வாய்க்கிழமை காலையில் திறந்தால் ஒரே ஒன்றுதான் நிரம்பியது. ஐந்தில் கட்டங்கள் வெறுமையாக நின்றன. இன்னொன்று அதைவிட மோசம்: நிலைய எண் கேட்கும் கட்டத்தில் பயனர் பெயரைக் கொண்டுபோய் வைத்தது. சேமித்ததை ஒவ்வொன்றாக நகலெடுத்து ஒட்டி முடிப்பதற்குள் மணி ஒன்பதே கால்.

செக்ஷன்காரருக்குப் போன் போட்டால், "எனக்கு இங்க நல்லாத்தான் வருதுக்கா" என்றார். பெரியக்கா போனை வைத்துவிட்டு ஒரு பழைய டைரியை எடுத்தார். ஒரு பை ரத்தம் கெட்டுப்போனால் ரத்த வங்கியில் என்ன செய்வார்களோ அதையே செய்தார்: எங்கிருந்து வந்தது, யார் தொட்டது, எந்த இடத்தில் கெட்டது என்று பின்னோக்கிப் போவது. பக்கத்தில் கோடு போட்டு, எந்த வெப்சைட், என்ன நடக்கிறது, எதை மாற்றினேன், பிறகு என்ன நடந்தது என்று எழுதத் தொடங்கினார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்று கட்டுப்பாடு. மெதுவாக நகர்ந்தது. ஆனால் எழுதியதை இரண்டாம் தடவை செய்ய வேண்டியிருக்கவில்லை.

நிலைய எண் கட்டத்தைப் புதன்கிழமை பிடித்தார். பூட்டுப் படத்துக்குள் போய், இந்தக் கட்டத்துக்கு இது, அந்தக் கட்டத்துக்கு அது என்று தனித்தனியாகச் சொல்லிக் கொடுக்க இடமிருந்தது. சொல்லிக் கொடுத்ததும் சமர்த்தாகக் கேட்டுக்கொண்டது.

வெறுமையாக நின்ற ஐந்துதான் உயிரை வாங்கியது. வியாழக்கிழமை மதியம் அமைப்புகள் பக்கத்தை மேலிருந்து கீழாக, ஸ்கேலை வைத்து வரி வரியாகப் படித்தார். கடைசியில் ஒரு பட்டியல் இருந்தது: "ஒருபோதும் நிரப்ப வேண்டாம் என்று நீங்கள் சொன்ன தளங்கள்." அதில் நாலு பெயர். நாலும் அந்த ஐந்தில் இருந்தவை.

நான் எப்போது சொன்னேன் என்று கோபத்தோடு நிமிர்ந்தார். நேர் எதிரே, திரையின் விளிம்பில், அவரது சொந்தக் கையெழுத்து அவரைப் பார்த்தது.

திங்கட்கிழமை புதிய பூட்டுப் படமும் பழைய கம்ப்யூட்டரைப் போலவே 'இங்கே தானாக நிரப்பட்டுமா?' என்று கேட்டிருக்கிறது. தலை மறந்ததை விரல் மறக்கவில்லை. பதினைந்து வருடப் பழக்கத்தில், என்ன கேட்கிறது என்றுகூடப் பார்க்காமல் 'ஒருபோதும் வேண்டாம்' என்று நாலு தடவை அமுக்கியிருக்கிறது. சொன்ன பேச்சை மீறாத ஒரே வேலைக்காரன் அந்தப் பூட்டுதான்.

பெரியக்கா சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அலுவலகத்தில் சிரித்தது அன்றுதான். நாலு பெயரையும் நீக்கிவிட்டு, எழுந்து சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தார். பதினைந்து வருடப் பசை லேசில் விடவில்லை.

மிச்சம் ஒன்று, அதுவும் இருப்புக் கணக்கு. அதில் மட்டும் பூட்டு அசையவில்லை. சேமித்து வைத்த முகவரியையும் திறந்திருந்த பக்கத்தின் முகவரியையும் ஒரு காகிதத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினார். எழுத்தெழுத்தாக விரல் வைத்து ஒப்பிட இருபது நிமிடம் பிடித்தது. பாஸ்வேர்ட் மாற்றிய பக்கம் ஒரு முகவரி, உள்ளே நுழையும் பக்கம் வேறொரு முகவரி. பூட்டு பார்த்துப் பழகாத வாசல் என்று நின்றுவிட்டது.

டெக்னீஷியன், "அந்த முகவரியையும் சேர்த்துடுங்கக்கா, வேலை முடிஞ்சுது" என்றார்.

"அது நம்ம வாசல்தானான்னு யார் சொன்னா? தெரியாத வாசல்ல அது நிக்கறது சரிதான் தம்பி. நாமதான் விசாரிக்கணும்."

தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு, முகவரியை ஒவ்வொரு எழுத்தாகப் படித்து, அவர்களைத் திருப்பிப் படிக்கச் சொல்லி, பேசியவரின் பதவியையும் நேரத்தையும் டைரியில் எழுதிய பிறகே அதைச் சேர்த்தார். மறுநாள் வெள்ளிக்கிழமைக் கெடுவை வைத்துக்கொண்டு இருப்பவர் செய்கிற காரியமா இது? எனக்கு அவர்மேல் மரியாதை கூடிய இடம் அதுதான்.

வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்காரர் காரில் கொண்டுவந்து விட்டார். "பாஸ்வேர்ட் வரலன்னா என்ன, வீட்ல நாம ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டு இருக்கலாம்" என்றார்.

"அதுக்காகத்தான் வரணும்னு வேண்டிக்கறேன்" என்று இறங்கிப் போனார்.

எட்டு மணிக்கு டாக்டரம்மா வந்து பக்கத்தில் நின்றார். பூட்டு முதலில் மாஸ்டர் பாஸ்வேர்டைக் கேட்டது. பெரியக்கா மெதுவாக அடித்தார். தவறு என்று சிவப்பாக வந்தது. டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், நல்ல மனுஷி.

பெரியக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். ஆஸ்பத்திரிக் கட்டில், அந்தப் பெண், அவள் கையில் அட்டை. இது என்ன? உதடு மட்டும் அசைந்தது. இது? இது? இது? கண்ணைத் திறந்து மறுபடி அடித்தார். பூட்டு திறந்தது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தன. வெப்பநிலை, பரிசோதனை, நிலைய எண் கேட்கும் தளம், எல்லாம். கடைசியில் இருப்புக் கணக்கு. கட்டங்கள் இரண்டும் ஒரு நொடி வெறுமையாக நின்று, பிறகு நிரம்பின. ஏற்றி முடித்தபோது மணி எட்டு இருபத்திரண்டு.

"நாற்காலி உங்களோடதுக்கா" என்றார் டாக்டரம்மா.

அந்த நேரம் பார்த்து டெக்னீஷியன் கதவில் வந்து சாய்ந்தார். பதினாறு வருடப் பழக்கம் யாரை விட்டது?

"அக்கா, குளிர்பெட்டி புது பாஸ்வேர்ட் என்ன?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கு உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. டாக்டரம்மா அவரை முறைத்தார்.

பெரியக்கா நாற்காலியைத் திருப்பி அவரை நேராகப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது" என்றார். "உனக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது, இனிமே யாருக்கும் தெரியவேண்டாம். உக்காரு, உனக்குன்னு ஒரு பூட்டு போட்டுத் தர்றேன்."