சிவந்த வெற்றுத் துண்டு

நம்ப மாட்டீர்கள், தெரியும். நானே என்னை முழுதாக நம்பாதவன். அதனால்தான் எல்லாவற்றையும் நேரம் போட்டு டைரியில் எழுதிவைக்கிறேன். அப்படி ஒரு நாளின் பக்கத்தில் இருப்பதைத்தான் இங்கே சொல்கிறேன். ஒரு நிமிடம்கூடக் கூட்டவில்லை.

பகலில் வேலை, மாலையில் ஆய்வக வகுப்பு. அங்கே நானோ இழைகளால் துணி செய்வோம். கண்ணுக்கே தெரியாத மெல்லிய இழைகள். அதன்மேல் ஒரு கரைசலைப் பூசினால், உணவில் உள்ள நோய்க்கிருமியை அது கவ்விப் பிடிக்கும். இருபது நிமிடத்தில் வெள்ளைத் துணி சிவக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு துண்டைச் சுத்தமான நீரிலும் போடுவோம். அது வெற்றுத் துண்டு. அதுவும் சிவந்தால் சோதனையே செல்லாது.

அன்று நான் சோதிக்க வேண்டிய உணவு மாதிரி, ஒரு மாணவர் விடுதியில் முந்தின நாளே வேகவைத்துக் குளிர்பெட்டியில் வைத்திருந்த கோழி. எட்டு மணிக்குப் பரிமாறுவார்கள். என் தம்பி தங்கியிருப்பது அந்த விடுதியில்தான்.

மாலை 6.50. உள்ளே நான் மட்டும். கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. ஆனால் ஆய்வக உதவியாளர் அக்கா வெட்டு மேசையருகே நின்றுகொண்டிருந்தார்.

“என்ன, சந்தேகப் பிராணி? எத்தனை தடவை எடை போட்ட?”

“நாலு தடவைக்கா.”

“தராசே அழுதிருக்கும்.”

கிரிச்... கிரிச்... துண்டுகளை வெட்டி நீட்டினார். கையுறை இல்லை. கையுறை போடாமல் யாராவது துணியைத் தொட்டால் கத்தித் தீர்ப்பவரே அவர்தான். இன்னொன்று... புதுத் துணியில் மின்னேற்றம் இருக்கும். யார் தொட்டாலும் விரலில் பச்சக்கென்று ஒட்டிக்கொள்ளும்.

அவர் விரலில் ஒட்டவில்லை.

7.14. கோழியில் போட்ட துணித்துண்டு சிவந்தது. வெற்றுத் துண்டும் சிவந்தது.

நீரை மாற்றினேன். கிண்ணத்தை மாற்றினேன். அக்கா வேறு துண்டுகள் தந்தார். நானே வெட்டியிருக்கலாம். எல்லாவற்றையும் சந்தேகித்தவன் அதைச் சந்தேகிக்கவில்லை.

7.38. மறுபடியும் இரண்டும் சிவப்பு.

“அக்கா, விடுதிக்கு போன் பண்ணிடவா? தம்பி சாப்பிட்டுடுவான்...”

“வெத்துத் துண்டே சிவக்குது. எதை வச்சுச் சொல்லுவ?”

“சும்மா... எச்சரிக்கைக்கு...”

“செல்லாதுன்னு எழுதுடா.”

எழுதினேன்.

7.56. நிமிர்ந்தேன். மேசையருகே யாரும் இல்லை.

கிரிச்...

சத்தம் மட்டும்...

ஓடினேன்.

8.12க்குத்தான் தம்பி போனை எடுத்தான். “சாப்டுட்டேண்ணா. ரெண்டாவது தடவையும் வாங்கிட்டேன். ஏன் மூச்சு வாங்குது உனக்கு?”

விடுதியில் நாற்பத்தொரு பேர் படுத்தார்கள். தம்பி ஐந்தாம் நாள் போய்விட்டான்.

விசாரணைக்கு வந்த சுகாதார அதிகாரி நோயில் விழுந்தவர்களின் பட்டியலைக் காட்டினார். அதில் முதல் ஆள் விடுதிக்காரர் இல்லை. ஆய்வக உதவியாளர். சோதனைக்கு முந்தின நாள் விடுதியில் மாதிரி எடுக்கப் போன இடத்தில், ஒரு துண்டுக் கோழியை எடுத்து வாயில் போட்டிருக்கிறார். இரவே ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

இறந்த நேரம், நான் சோதனை செய்த அதே நாள்.

மாலை 5.40.