ஒன்பது வாரச் செவ்வந்தி

பூப்பண்ணையில் படுதாக்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கொட்டகைக்குள் செவ்வந்திப் பாத்திகளின் மேல் கறுப்புப் படுதாவை இழுத்து மூடுவார். காலை ஏழுக்குத் திறப்பார். இருபத்தாறு வருடமாக இதுதான் பிழைப்பு.

செவ்வந்தி சரியான பிடிவாதக்காரச் செடி. இரவு போதுமான அளவு நீளாவிட்டால் மொட்டுக் கட்டாது. நடுவில் கொஞ்ச நேரம் விளக்கு வெளிச்சம் பட்டாலும் போச்சு, அந்த இரவை அது இரவாகவே மதிக்காது. இருட்டை ஒழுங்காகக் கொடுத்தாலும் எத்தனை வாரத்தில் பூப்பது என்பது அதன் பிறவிக் குணம். எட்டு வாரத்து ஜாதி எட்டில் பூக்கும். பன்னிரண்டு வாரத்து ஜாதி காலில் விழுந்து கெஞ்சினாலும் முன்னே வராது. "சில மனுஷங்க மாதிரி" என்பாள் அவர் மனைவி, அவரைப் பார்த்துக்கொண்டே.

அவளும் அதே பண்ணையில் நாற்றுப் பிரிவில் இருந்தவள். உடம்பு முடியாமல் வேலையை விட்ட அன்று, குப்பைக்குப் போகவிருந்த தட்டிலிருந்து ஒரு நாற்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். விதையில் முளைத்த செடி என்ன நிறத்தில் பூக்கும் என்று பூக்கும்வரை யாராலும் சொல்ல முடியாது.

"மஞ்சள்தான்" என்றாள்.

"வெள்ளை. தாய்ச்செடி வெள்ளை."

"அப்பன் யாருன்னு தெரியுமா உங்களுக்கு? தேனீயக் கேட்டீங்களா?"

இத்தனை வருடக் குடித்தனத்தில் எந்தப் பந்தயத்திலும் தோற்றதாக அவர் ஒப்புக்கொண்டதே கிடையாது. அன்றும் "பாப்போம்" என்று எழுந்து போனார்.

நாலைந்து மாதம்தான் என்று டாக்டர் அவரிடம் தனியாகச் சொன்னார். அவளுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்துவிட்டது. "இந்தப் பூவ மட்டும் பாத்துட்டாப் போதும்" என்றாள். தொட்டியை அவள் கட்டிலையொட்டிய ஜன்னலில் வைத்தார். வலி வந்தால் இருட்டில் பயந்தாள் என்பதால் தலைமாட்டில் மேஜை விளக்கு விடிய விடிய எரிந்தது.

பகல் குறுகியது. தெருவில் அடுத்தவர் வீட்டுச் செவ்வந்திகளெல்லாம் மொட்டுக் கட்டின. இது மட்டும் இலை இலையாக வளர்ந்தது. உரத்தை மாற்றினார், தண்ணீரைக் குறைத்தார், "தாமத ஜாதி போல" என்று அவளையும் தன்னையும் தேற்றினார். ஏழு வாரம் இப்படியே போனது.

ஒருநாள் மத்தியானம் மேற்பார்வையாளர் அவரை மூன்றாம் கொட்டகைக்குக் கூப்பிட்டார். பாத்தி நிறைய மொட்டு. வடக்கு மூலையில் மட்டும் வெறும் பச்சை. அங்கே படுதா ஒரு முழத்துக்குக் கிழிந்திருந்தது, அதற்கு நேரே வெளியே தெருவிளக்கு நின்றது.

"என்னண்ணே, உங்க கண்ணுக்குமா இது படல?"

அந்த வெறும் பச்சையை அவர் தினமும் தன் வீட்டு ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தார். போட்ட வேலையைப் போட்டபடி வீட்டுக்கு ஓடினார்.

"விளக்கு..." என்று மட்டும் சொல்ல முடிந்தது.

அவள் தொட்டியைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள், அது இருமலில் போய் முடிந்தது. "ஊர்ப் பூவுக்கெல்லாம் படுதா இழுத்தீங்க. நம்ம வீட்டுப் பூவ விளக்கடியில வச்சிட்டீங்களே! நானும் ஒருத்தி, எனக்கும் தோணல பாருங்க."

"இன்னிக்கே மாத்திடறேன்."

"இனிமே எத்தன வாரம்?"

"தாய்ச்செடி ஒன்பது வாரம். இதுவும் அப்படித்தான் இருக்கும்."

"அவ்வளவு நாள் இருக்கா எனக்கு?"

எந்தப் பாத்தி எந்தத் தேதியில் பூக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர் அவர். அவள் தலையணையைச் சரிசெய்தார். போய்ச் சமையலறையில் நின்று அழுதார்.

அன்று முதல் பண்ணையில் படுதாவை இழுத்த கையோடு வீட்டுக்கு வந்து, தொட்டியைப் பக்கத்து அறை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். காலையில் மறுபடி ஜன்னலுக்குக் கொண்டுவந்தார். நான்காம் வாரம் கடுகளவு மொட்டு தெரிந்தது. அவள் விரலால் தொட்டுப் பார்த்து, "வந்துடுச்சு" என்றாள். ஆறாம் வாரம் மொட்டு பட்டாணி அளவு இருந்தது. அவளால் கையைத் தூக்க முடியவில்லை.

"மொட்டப் பிரிச்சு நிறத்தப் பாத்துடலாமா?" என்று கேட்டார். கையில் பிளேடு இருந்தது.

"வேணாம். அதோட நேரத்துக்கு அது பூக்கட்டும்." மூச்சு வாங்கியது. "பந்தயத்த மறந்துடாதீங்க."

மறுநாள் மத்தியானத்துக்குள் போய்விட்டாள்.

வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் போனார்கள். அவர் படுதா இழுத்தார், தொட்டியைப் பூட்டினார், எடுத்தார். தொடக்கத்திலேயே தொட்டியை அந்த அறையைவிட்டு எடுத்திருந்தால் அவள் கண்ணாலேயே பார்த்திருப்பாள் என்கிற நினைப்பு ஒரு வேளையும் அவரை விடவில்லை.

ஒன்பதாம் வாரம் ஒரு காலையில் அலமாரியைத் திறந்தார். பூத்திருந்தது. தொட்டியைக் கொண்டுபோய் வழக்கமான இடத்தில் வைத்துவிட்டு, கட்டிலில் அவள் கால்மாட்டில் தான் எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார். தலையணையைப் பார்த்தார்.

"சரி, மஞ்சள்தான்" என்றார். "நீதான் ஜெயிச்ச."