ஆறாம் மாடிக் கறிவேப்பிலை

ஜெலுத்தோங் வட்டாரத்து அடுக்குமாடி ஒன்றின் ஆறாம் மாடிக்கு, பிள்ளை பெற்று மூன்று வாரமான பெண்ணைப் பார்க்கப் போன தாதி நான்; இங்கே எல்லோருக்கும் 'மிஸி'. பிரசவத்தில் அவளுக்கு நிறைய இரத்தம் போயிருந்தது. ஆனால் என் மனத்தில் நிற்பவர் அவளுடைய மாமியார்தான். வட்ட முகம், பெரிய பொட்டு, கையில் ஈரத்துணி. பேசப் பேச, வாசலில் இருந்த கறிவேப்பிலைச் செடியை இலை இலையாகத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மருமகள் சுவரைப் பிடித்தபடி வந்து உட்கார்ந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று அவளைக் கேட்டேன். பதில் மாமியாரிடமிருந்து வந்தது.

"அது சூடு லா மிஸி. பச்ச ஒடம்புக்காரிக்கு ஆகாது. ஆனா நான் வீணாக்கல. தண்ணியில கரைச்சு இந்தச் செடிக்கு ஊத்திடுறேன். எப்படித் தளதளன்னு நிக்குது பாருங்க!"

"அப்போ இவங்களுக்கு ரத்தம் எப்படிம்மா ஊறும்?"

விவரம் கெட்டவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"இந்த இலையைத்தான் தினமும் அரைச்சுக் கொடுக்கிறேனே!"

புது மாத்திரை அட்டையைப் பிரித்து, என் கண்முன்னாலேயே ஒன்றை அந்தப் பெண்ணை விழுங்க வைத்தேன். "ஐயோ!" என்று பதறினார் மாமியார். அது மருமகளுக்காகவா, செடிக்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.