ஆயில் டேங்குக்குச் சந்தனக்காப்பு

இந்த வாரம் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். சோம்பல் இல்லை, பயம்! "என்னையப் பத்தி எழுதுன... சாவியப் புடுங்கி வேற ஆளுகிட்டக் குடுத்துருவேன்" என்று சேது மிரட்டியிருந்தான்.

சேது என் சிநேகிதன். காரைக்குடியில் ஒரு பொக்லைன் வைத்திருக்கிறான். அதை ஓட்டுவது நான். சாவி போனால் போகட்டும். இவ்வளவு நல்ல விஷயத்தை வாய்க்குள் பூட்டி வைத்தால் எனக்கு ஜீரணம் ஆகாதே!

புரட்டாசியில் ஆரம்பித்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு வாரம் பொக்லைன் மெயின்டனன்ஸ் ட்ரெயினிங். என்னை அனுப்பச் சொல்லி சேதுவிடம் கேட்டேன். ஃபீஸ், பஸ், சாப்பாடு எல்லாம்கூடப் பரவாயில்லை. மழைக்கு முன்னால் எல்லோரும் பண்ணைக்குட்டை வெட்டுகிற நேரம்... அப்போது போய் வண்டியை ஒரு வாரம் சும்மா நிறுத்தணும்.

"ஏன் மாப்ள, பத்தாங்கிளாஸ் பெஞ்சுல உக்கார முடியாம ஓடியாந்தவன் நீ. இப்ப நீ உக்கார்றதுக்கு நான் பெஞ்சு வாடகை குடுக்கணுமா?"

"வண்டி கெட்டுப் போனா என்னடா பண்ணுவ?"

"கெட்டா மெக்கானிக் இருக்காக. கெடாத வண்டிக்கு எதுக்குடா படிப்பு?"

நியாயமான கேள்விதான். ஆனாலும் அரித்தெடுத்துக் கிளம்பிவிட்டேன். ஒரே ஒரு கண்டிஷன் போட்டான். போட்ட காசுக்குப் பலன் தெரியவில்லை என்றால், ட்ரெயினிங் என்ற வார்த்தையையே இனி நான் எடுக்கக் கூடாது.

திரும்பி வந்ததும் விசாரணை.

"என்னத்தக் கத்துக்கிட்ட?"

"ஸ்பானர எடுக்கறதுக்கு முந்தி துணிய எடுக்கணும். தொடச்சுப் பாத்துட்டுத்தான் கழட்டணும்."

"தொடைக்கவா ஒரு வாரம்? எங்க வீட்டுல கேட்டிருந்தா ஓசியிலயே சொல்லிக் குடுத்திருப்பாளேடா!"

தலையில் அடித்துக்கொண்டான். அவன் தலையில் இல்லை, என் தலையில்.

ஆயுதபூஜைக்கு நான் தேவகோட்டையில் மாமா வீட்டுக்குப் போய்விட்டேன். வண்டியைக் கழுவி, மாலை போட்டு, பூஜை போட்டதெல்லாம் சேது. அடுத்த வேலை மானகிரியில், மீனா அக்கா வயலில் குட்டை வெட்டுவது. வானம் ஏற்கனவே கறுத்துக்கொண்டு நிற்கிறது. மழை முந்திக்கொண்டால் இந்த வருஷத் தண்ணீர் அக்காவுக்கு இல்லை.

வண்டிக்கு என்ன வந்ததோ! கை தூக்கவே யோசிக்கிறது. கைக்கு எண்ணெய் தள்ளுகிற பம்பு ஊளையிடுகிறது. வரப்பில் நின்ற அக்கா சும்மா இருப்பாரா?

"ஏந்தம்பி, மண்ணு அள்ளுறீகளா... மண்ணுக்குப் பல்லு வெளக்கி விடுறீகளா?"

சேதுவுக்குச் சந்தேகமே இல்லை. திருஷ்டி! எலுமிச்சம்பழம் கட்டினான். மறுநாள் காலையில் மறுபடியும் சந்தனம் குழைத்துக்கொண்டு வண்டி மேல் ஏறினான். ஊளை இன்னும் கூடியது.

மெக்கானிக்குக்கு போன் போட்டோம். "பம்பு போயிருக்கும்ப்பா, மாத்தணும்" என்றார். புதுப் பம்பு விலையைக் கேட்டதும் சேது முகம் வாழைத்தண்டு மாதிரி வெளுத்துவிட்டது. அக்கா இடுப்பில் கை வைத்தார்.

"மத்தியானத்துக்குள்ள தோண்டலேன்னா, நான் தேவகோட்டை வண்டிக்குச் சொல்லிருவேன். அப்பறம் வருத்தப்படக் கூடாது."

நான் எஞ்சினை அணைத்தேன். துணியை எடுத்தேன்.

"ஆமாடா, தொட! தொடச்சா பம்பு வந்துரும்!" என்றான் சேது.

ஆயில் டேங்க் மேலே ஏறிப் பார்த்தால்... ஒரு குட்டிப் பிள்ளையார்! சந்தனக்காப்பில் ஜொலிக்கிறார். நெற்றியில் குங்குமம், காதில் செவ்வந்தி.

"சேது... இது யாரு?"

"அதுவா? உருண்டையா, உசரமா, வண்டிக்கே தலை மாதிரி இருந்துச்சு. அதான் நல்லாவே சாத்துனேன். ரெண்டு தடவ!"

அது தலை இல்லை மக்களே, மூக்கு! டேங்குக்குக் காற்று போகிற மூடி. கலர் பாட்டில் வாயை உதட்டால் முழுசாக அடைத்துக்கொண்டு குடித்துப் பாருங்கள்... வருமா? அதே கதைதான். உள்ளே காற்று போகாமல் பம்பு எண்ணெயை எப்படி உறிஞ்சும்?

காய்ந்த சந்தனத்தை வழித்தேன். மூடியைத் தளர்த்தினேன். "உஸ்ஸ்ஸ்..." என்று வண்டி ஒரு பெருமூச்சு விட்டது பாருங்கள், அக்காவே ஓர் எட்டுப் பின்னால் போய்விட்டார். மூடியை டீசலில் அலசி, ஊதிக் காயவைத்து, மாட்டி ஸ்டார்ட் பண்ணினேன். ஊளை இல்லை. கை கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தவன் கை மாதிரி இறங்கியது!

அன்று சாயங்காலமே குட்டை முடிந்தது. ராத்திரியே மழை. காலையில் அக்கா போட்டோ அனுப்பியிருந்தார். குட்டையில் முழங்கால் தண்ணீர், நடுவில் அவர் பேரன், சட்டை இல்லாமல்.

ட்ரெயினிங்குக்கு ஆன செலவு மட்டும் ஏன் நம் கண்ணை உறுத்துகிறது? ஃபீஸுக்கு ரசீது கொடுக்கிறார்கள். மாற்றாமல் தப்பித்த பம்புக்கு எவனும் ரசீது கொடுப்பதில்லையே!

அந்தப் போட்டோவை சேதுவுக்கு அனுப்பி, கெத்தாகக் கேட்டேன்: "இப்பச் சொல்லு மாப்ள, பெஞ்சு வாடகை தேறிச்சா, இல்லையா?"

பதில் வந்தது:

"அதெல்லாம் சரி... அடுத்த வருஷம் சந்தனப் பொட்ட எங்குட்டு வைக்கணும்னு அங்க சொல்லிக் குடுத்தாகளா?"